நீச்சல் குளத்துக்கும் பந்து மைதானத்துக்கும் நடுவில்

மதிப்பும் மரியாதையும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன? பற்ற வைத்தவர் ஊருக்குப் போய்விட்டார், புகையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறவன் நான்தானே. இங்கே நலமா என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். நல்ல வார்த்தையாகப் பதில் வராது.

பள்ளி விடுமுறைக்கு வந்தீர்கள். வந்தவர் சாப்பிட்டோம், தூங்கினோம் என்று இருந்திருக்கலாம். என் மகள், அதாவது உங்கள் அருமை மருமகள், வாசலில் கிடந்த என் செருப்பை எட்டி உதைத்ததைப் பார்த்துவிட்டு, "என்னா உதை! இந்தக் காலைப் போய் தண்ணிக்குள்ள ஊற வெச்சிட்டு இருக்கீங்களே!" என்று குதித்தீர்கள். அவள் நீச்சல் குழுவில் இருக்கிறாள், தினமும் சாயங்காலம் பயிற்சி என்று நான் சொன்னது உங்கள் காதில் ஏறவே இல்லை. என்னைக் கேட்காமல் கால்பந்துக் குழுவில் சேர்த்துவிட்டு, "ரெண்டும் இருக்கட்டும் மாப்ளே, நடுவுல வண்டி ஓட்டத்தான் நீங்க இருக்கீங்களே" என்று என் தோளில் தட்டிவிட்டு ரயில் ஏறினீர்கள். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதாவது நினைவிருக்கிறதா? கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இருப்பது ஒரே கார். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் கற்றுக்கொள்ள வருவார்கள். நீச்சல் முடிவதும் சாயங்காலம், பந்து தொடங்குவதும் சாயங்காலம். குளம் ஊருக்கு ஒரு கோடி, மைதானம் மறு கோடி. வேறு வழியில்லாமல் கற்றுக்கொள்ள வந்தவர்களையே அந்தப் பாதையில் ஓட்ட வைத்தேன். வந்தவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், உங்கள் மருமகள் பின்சீட்டில் ஈரத் தலையோடு சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு. கிளட்சை விடத் தெரியாத பல் டாக்டர் அம்மாவிடம், "ஆன்ட்டி, லேட்டாச்சு, கொஞ்சம் மிதிங்க" என்கிறாள். அந்த அம்மாவும் பதறிப்போய் மிதித்துவிட்டார். அந்தத் தெருப் பழக்கடைக்காரர் இன்றைக்கும் என் காரைக் கண்டால் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓடுகிறார்.

சரி, இவ்வளவு அவதிப்பட்டு அழைத்துப் போகிறோமே, பிள்ளை இரண்டிலும் கொடி நாட்டுகிறாளா என்றால் அதுவும் இல்லை. நீச்சலில் விசில் அடித்தால் பாய வேண்டும், பந்தில் விசில் அடித்தால் நிற்க வேண்டும். போன வாரம் பந்துப் போட்டியில் யாரோ யாரையோ தள்ளிவிட, நடுவர் விசில் அடித்தார். உங்கள் மருமகள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு கட்டாந்தரையில் பாய்ந்தாள். முகவாய், முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. அதே வாரம் நீச்சல் போட்டி. முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவள், கரையில் வாலாட்டிய பையன்களை அதட்டக் காவலாளி விசில் ஊதியதும், நட்ட நடுத் தண்ணீரில் நின்று, "நான் ஒண்ணும் பண்ணலை சார்!" என்று கையைத் தூக்கினாள். கடைசியாக வந்தாள்.

நீச்சல் மாஸ்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இவ்ளோ காயத்தோட என் குளத்துல இறங்கக் கூடாது" என்றார். பந்து மாஸ்டரிடம் போனால், "அங்க ஊறிட்டு வந்து இங்க கொட்டாவி விடறா. எனக்கு ஆடறதுக்கு ஆள் வேணும், நனைஞ்ச துணி வேணாம்" என்கிறார். இருவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டுமாம்.

இதோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நேற்று என் ஆட்களுக்கு லைசென்ஸ் தேர்வு. ஒருவர்கூடத் தேறவில்லை. எப்படித் தேறுவார்கள்? அவர்களுக்குத் தெரிந்ததே குளத்திலிருந்து மைதானத்துக்குப் போகிற வழி ஒன்றுதான். பேங்க் அதிகாரி ஒருவர், தேர்வு அதிகாரி இடது பக்கம் திரும்பச் சொல்லச் சொல்ல வலது பக்கம் திரும்பி, நேரே மைதான வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இறங்குங்க சார், ஆட்டம் ஆரம்பிச்சிடும்" என்றாராம். பல் டாக்டர் அம்மாவை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதற்கு, "அதெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரலைங்க. பின்னால போனா பாப்பாவுக்கு லேட்டாயிடும்னு சார் சொல்லிட்டாரு" என்று அதிகாரியிடமே சொல்லி என் மானத்தைக் கப்பலேற்றினார். இன்று காலையிலிருந்து எல்லோரும் எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். இப்படியே போனால் நான் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். உங்கள் தங்கையும் அதையேதான் சமையலறையிலிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மச்சான், கால்பந்தை விடச் சொல்லி உங்கள் கையாலேயே அவளுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மாமா சொன்னால் வேதவாக்கு. எழுதாவிட்டால் அடுத்த விடுமுறைக்கு இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் ஒரே ஒரு விளையாட்டோடு நீடூழி வாழ என் ஆசிகள். உங்களுக்குக் கொடுக்க இப்போதைக்கு என்னிடம் வாழ்த்து எதுவும் கைவசம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டு டிரைவராகிப்போன
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. அன்றைக்கே உங்கள் மருமகள் என்னிடம் வந்து, "நான் ரெண்டையும் விட்டுட்டேம்பா. ரெண்டு மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். கடையை மூடிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மச்சான். வீட்டில் அவள் என்னிடம் பேசுவது "ம்", "ம்ஹூம்" இரண்டுதான். எந்தச் சிநேகிதியோடு சண்டை, எந்த டீச்சரைக் கண்டால் பயம், எதற்கு அழுதாள், எல்லாவற்றையும் அந்தக் காரில் வைத்துத்தான் சொல்லுவாள். இப்போது கண்ணாடியில் பார்த்தால் காலிச் சீட்டுதான் தெரிகிறது. என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் உங்களால் வந்த வினை, நீங்களே வந்து தீர்த்துவையுங்கள். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் ஆட்களை நான் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் வரச்சொல்லி ரிவர்ஸ் பழக்கிக்கொள்கிறேன். மாஸ்டர்கள் இருவரும் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றால், வேறு ஏதாவது இரண்டு விளையாட்டில் அவளைச் சேர்த்துவிட்டுப் போங்கள். எந்த விளையாட்டானாலும் சரி. இரண்டு இடத்துக்கும் நடுவில் தூரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.