முப்பத்தெட்டுப் பேரும் ஒரு தேதியும்

கரும்பலகையில் சாக்பீஸ் வழுக்கிக் கிறீச்சிட்டால் எல்லாருக்கும் பல் கூசும். எனக்கு முதுகு கூசும். ஒரு ஜூலை முற்பகலில் அந்தச் சத்தத்தோடு என் முதுகுக்குப் பின்னால் ஒரு வகுப்பே சிரித்தது.

எழுபதுகளின் கடைசி. எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு விளாங்குடி வீட்டில் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். (சும்மா இல்லை, எண் புதிர் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அதைத்தான் சும்மா என்பார்.) பஸ் டிக்கெட் எண்ணை ஒன்பதால் வகுப்பேன், சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காய் என் தட்டில் விழும் வாய்ப்பைக் கணக்கிடுவேன். பேரையூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார் இடம் காலி என்று தகவல் வந்தது.

"இதையும் கோட்டை விட்டுட்டு வந்தேன்னா, மாமா அரிசி மில்லுதான். மூட்டை எண்ணு. அங்க எம்புட்டு வேணாலும் எண்ணலாம்" என்றார் அப்பா.

தேர்வு என்பது ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக் காட்டுவது. கடைசி பெஞ்சில் தாளாளர் சாமியார், மடியில் என் விண்ணப்பம். பக்கத்தில் தலைமையாசிரியர். வேறு யாராயிருந்தாலும் வட்டத்தின் பரப்பளவை நடத்திவிட்டு இறங்கியிருப்பார்கள். நான் சவால் விட்டேன்.

"வருசத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளு. நீங்க முப்பத்தெட்டே பேரு. ஆனாலும் இதுல ரெண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும். பாக்கலாமா?"

வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தாறு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முப்பது பேர் சொல்வதற்குள் ஒரு ஜோடி மாட்டும், வகுப்பு வாய் பிளக்கும், சாமியார் எழுந்து கைகுலுக்குவார். இதுதான் திட்டம்.

முதல் பையன் எழுந்தான். "ஜூன் ஒண்ணு சார்."

இரண்டாமவன். "ஜூன் ஒண்ணு சார்."

ஜெயித்துவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தத் தெரிந்தவன் இந்தக் கட்டுரையை எழுத மாட்டான்.) கேட்டுக்கொண்டே போனேன். முப்பத்தெட்டில் முப்பத்தொருவர் ஜூன் ஒன்று.

எனக்குள் கணிதம் பொங்கிவிட்டது. பலகைக்குத் திரும்பிப் பின்னத்தின் மேல் பின்னமாக அடுக்கினேன். சாக்பீஸ் கிறீச்சிட்டது. "இது நடக்கவே நடக்காது! வைகையில திமிங்கலம் வர்றதுக்குக்கூட இதவிட வாய்ப்பு இருக்கு. எவனோ உக்காந்து பொய்யா எழுதியிருக்கான்!"

முன்வரிசைப் பெண் பணிவாக எழுந்தாள். "எவனோ இல்ல சார். நம்ம ஹெட்மாஸ்டர் ஐயாதான். பெருமழைக்கு மறுவருசம் நான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுச்சு. ஐயா ஜூன் ஒண்ணுன்னு போட்டாரு."

ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். மழையையும் கிடாவெட்டையும் வைத்து வயது சொல்லும் தாய்மார்களுக்காகத் தலைமையாசிரியர் கண்டுபிடித்த ஒரே விடை அது. அவர் இப்போது ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தார். எனக்கு அரிசி மூட்டைகள் தெரிந்தன.

சாமியார் மெதுவாக என் விண்ணப்பத்தைப் பிரித்தார். "தம்பி, ஒங்களுக்கும் ஜூன் ஒண்ணுன்னுதான போட்டிருக்கு?"

ஆமாம். நான் பிறந்தது ஒரு கார்த்திகை மாத அடைமழையில். (பத்துப் படிவங்களில் ஜூன் ஒன்று என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட உறுத்தவில்லை.) முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப முப்பத்திரண்டு" என்றார் தலைமையாசிரியர். வகுப்பு வெடித்தது.

வேலை கிடைத்தது. ஆனால் தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்: அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நான்தான் உட்கார வேண்டும். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது நம்ப முடியாத கதை விட்டால், மகள் இட்லியிலிருந்து தலை நிமிராமல் "ஜூன் ஒண்ணு" என்பாள்.

அடுத்த வருடம் உட்கார்ந்தேன். உண்மையை மட்டுமே எழுதுவது என்று பேனாவைத் திறந்தேன். முதலில் வந்த தாய், "புதுக் கெணத்துல தண்ணி ஊறுனப்ப இவன் வயித்துல இருந்தான் சார்" என்றார். அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்தும் அந்தக் கிணறு எந்தக் காலண்டருக்குள்ளும் இறங்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, நீங்கள் நினைக்கும் அதே தேதியை எழுதினேன்.

அந்த அம்மா மகிழ்ச்சியாகக் கும்பிட்டார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"அடுத்த வருசம் இவன் தம்பியக் கூட்டிட்டு வாரேன் சார். அவனுக்கும் இதையே போட்டுருங்க. ஒரே தேதின்னா எனக்கும் ஞாபகம் வச்சுக்கிட லேசா இருக்கும்."