ஐநூறு ரயிலுக்கு லைசென்ஸ்

ஜமுனாமரத்தூர்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கோகுல்ராஜ் அவர்கள் சமுகத்துக்கு, போளூர் – ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற உங்கள் மாமனார் ராஜாக்கண்ணு பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை ராணியம்மாள், இரண்டு மாடுகள் எல்லாரும் சுகம். ஷோபனாவும் சுகம்தான், அது எந்த மாதிரி சுகம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். சாமை நன்றாக வந்திருக்கிறது. உங்கள் தாயாரின் முழங்கால் வலிக்கு மலைத்தேன் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். எங்கள் பக்கம் டவர் கிடைப்பது ஊருக்கு மேலே இருக்கிற பாறையில்தான், அங்கே எப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், நம் குடும்ப விஷயம் பாறையில் பேசத் தக்கதல்ல.

நிற்க. நீங்கள் வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து எனக்கு வந்த நோட்டீஸ் சம்பந்தமாகத்தான் இந்தக் கடிதம். எனக்குப் பொம்மை ரயில் பைத்தியம் உண்டு என்பது பெண் பார்க்க வந்த அன்றே உங்களுக்குத் தெரியும். பஜ்ஜித் தட்டை நான் ரயில் பெட்டியில் வைத்து உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டினேன், நீங்களும் கைதட்டினீர்கள். கல்யாணமானதும் நீங்கள் இருவரும் ‘மலைத்தேர்’ என்கிற அந்தச் சுற்றுலா ரயிலில் ஊர் சுற்றிவிட்டு வந்தீர்களே, அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அதே மாதிரி ஒரு சின்ன வண்டி செய்தேன். இன்ஜினைச் சென்னையில் வாங்கினேன், பெட்டிகளை நம்ம மாதையன் மரத்தில் செதுக்கிக் கொடுத்தான், பச்சையும் மஞ்சளும் நானே அடித்து, ‘மலைத்தேர்’ என்று பெயரும் அந்தத் தேர்ச் சக்கர முத்திரையும் போட்டேன். மூன்றாவது ஜன்னலில் இரண்டு பொம்மைகள் வைத்தேன். ஒன்று ஷோபனா, நீலச் சட்டை போட்டது நீங்கள். ஆடிக்கு வந்த ஷோபனா அது ஓடுவதை வீடியோ எடுத்து, பாறைமேல் ஏறி உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டாள், உலகத்தில் அந்த ரயிலை நடத்துகிற உங்கள் கம்பெனியும் இருந்தது.

வந்த நோட்டீஸை நான் மூன்று தடவை படித்தேன். ‘மலைத்தேர்’ என்ற பெயரும் முத்திரையும் பச்சை மஞ்சளும்கூடப் பதிவு செய்த வணிகச் சின்னமாம். பொம்மையாக இருந்தாலும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டுமாம். சரி, ஊரான் பெயரை எடுத்தோம், கேட்கிறான், கட்டிவிட்டுப் போகலாம் என்றால், உரிமம் குறைந்தது ஐநூறு ரயிலுக்குத்தான் கொடுப்பார்களாம்! மாப்பிள்ளை, என்னிடம் இருப்பது ஒன்று. மீதி நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பதை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்? மாட்டுக் கொட்டகையிலா? இதற்குள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஷோபனா, “இன்னாப்பா இது, கீழ அவரு கையெழுத்து மாதிரி கீது?” என்றாள். மாதிரி என்ன, நீங்களேதான். கல்யாணப் பதிவில் போட்ட அதே கோணல் ‘கோ’.

உங்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, சத்தியமாக இல்லை. கட்டுக்கட்டாக வருவதில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அது யாருக்குப் போகிறது என்று எப்படித் தெரியும்? நானும் அப்படித்தான் டிக்கெட் கிழித்தேன், ஒருநாள் என் மாமியாருக்கே கிழித்துக் காசும் வாங்கிவிட்டேன், அதற்கு உங்கள் அத்தையிடம் இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஷோபனா பாறையேறிப் போன் செய்து கேட்டபோது, “கம்பெனி ரூல்ஸ் ஷோபி, நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றீர்களாமே. கல்யாணமான ஆறாம் மாதத்தில் ஒரு ஆண்பிள்ளை வாயில் வரக்கூடாத வாக்கியம் அது. நேராக இறங்கி வந்தாள். “அந்த நோட்டீஸ வாபஸ் வாங்குற வரிக்கும் நான் அந்த வூட்டுப் பக்கம் போ மாட்டேன்” என்றாள். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. தண்ணீருக்குப் போனால், “இன்னா ராணியம்மா, பொண்ண இன்னும் மாப்ள வந்து கூப்டுகினு போவலியா?” என்று ஒருத்தி விடாமல் கேட்கிறார்களாம். உங்கள் அத்தை அந்தக் குடத்தை என் எதிரில் வைக்கிற சத்தத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிடுகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. முதல் காரியமாகப் பெயரை அழித்தேன், பச்சையைக் காவியாக்கினேன். மாதையன் வந்து பார்த்துவிட்டு, “பேர் இல்லாத வண்டில எவன் ஏறுவான்? நம்ம மாரியாத்தா பேர எழுது, ஆத்தாகிட்ட எந்தக் கம்பெனிக்காரன் வந்து கேப்பான்?” என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ‘ஸ்ரீ மாரியம்மன் துணை விரைவு வண்டி’ என்று எழுதினேன். அது ஆடிக் கடைசி வெள்ளி என்பதை நான் யோசிக்கவில்லை. சாயந்தரத்துக்குள் தெருப் பெண்களெல்லாம் வந்து தண்டவாளத்துக்கு மஞ்சள் பூசி, சுரங்கத்துக்கு வேப்பிலை கட்டி, இன்ஜினுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டார்கள். ஒரு அம்மாள் வேண்டுதல் என்று சொல்லி ஸ்டேஷன் வாசலிலேயே தேங்காய் உடைத்தாள், தண்ணீர் முழுதும் கரண்ட் பெட்டிக்குள் போயிற்று. புகை வந்தது. ஆத்தா வந்துவிட்டாள் என்று இரண்டு பேருக்குச் சாமி வந்துவிட்டது. அதில் ஒருத்தர் உங்கள் அத்தை! அருள்வாக்கு என்ன தெரியுமா? “பொண்ணு வாய்க்கைய வுட்டுட்டு ரயிலு வுட்டுகினு கீறியேடா!” முப்பது வருஷக் குடித்தனத்தில் உங்கள் அத்தை என்னை ‘டா’ போட்டது அன்றைக்குத்தான். சாமி சொன்னதை நான் எப்படி எதிர்த்துப் பேசுவேன்?

மறுநாள் காலையில் கோயில் பூசாரி வந்தார். “ஆத்தா பேர போட்டுகினு ஓட்டுறீங்க, சந்தோசம். ஆத்தாளுக்கு ஒண்ணியும் செய்யலியே?” என்றார். எனக்குப் பகீரென்றது, இங்கேயும் ஐநூறு ரயில் கணக்கு வருமோ என்று. கடைசியில், கூழ் ஊற்ற ஒரு படி சாமை போதும் என்றார். அளந்து போட்டேன். அவர் அந்தக் கூழிலேயே எனக்கும் ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை, உங்கள் கம்பெனிப் பெரியவர்களை ஒருமுறை அந்தப் பூசாரியிடம் அனுப்பி இந்தத் தொழிலைக் கற்றுவரச் சொல்லலாம்.

எங்கள் பொம்மை ரயில் சங்கமும் கலைந்துவிட்டது. சங்கம் என்றால் நான், மாதையன், போளூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சேட்டு, அவ்வளவுதான். நோட்டீஸைக் கேள்விப்பட்ட அன்றே சேட்டு தன் ரயிலையெல்லாம் பெட்டியில் போட்டு, மேலே ‘பழைய பெடல்’ என்று எழுதிப் பரணில் ஏற்றிவிட்டார். சென்னையில் நாங்கள் இன்ஜின் வாங்குகிற கடைக்காரர், எல்லாக் கம்பெனியும் கட்டணம் கேட்கிறது என்று, இப்போது வெறும் வெள்ளை இன்ஜின்தான் விற்கிறாராம். பெயர் வேண்டுமென்றால் காதோடு சொல்வாராம், நாம் வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். “அப்போ உன் பேரையாவது எழுதட்டுமாம்மா?” என்று ஷோபனாவிடம் கேட்டேன். “எழுது. அதுக்கும் உங்க மாப்ள ஒரு நோட்டீஸ் அனுப்புவாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது முக்கிய விஷயம். தினமும் நீங்கள் கூப்பிடுகிற நேரத்துக்கு அவள் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு பாறைக்குப் போகிறாள். பேசுவதில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓய்கிறவரை கேட்டுவிட்டு இறங்கி வருகிறாள். ஒருநாள் நீங்கள் கூப்பிடவில்லை, கூட்டமோ என்னவோ. அன்று இருட்டும்வரை வரவில்லை, நான்தான் டார்ச் எடுத்துப் போய் அழைத்துவந்தேன். “டவர் இல்லப்பா” என்றாள். டவர் இருந்தது. என் போனில் நானே பார்த்தேன், மாப்பிள்ளை.

ஆகவே நான் தோற்றுப்போனதாகவே எழுதிக்கொள்கிறேன். ரயிலைத் துணியில் சுற்றிச் சாமைக் குதிரில் போட்டுவிட்டேன். ஐநூறு ரயிலுக்கும் நான் கட்டிவிடுகிறேன், ஒரு மாட்டை விற்றால் வரும். இனி இந்த ஜன்மத்தில் மலைத்தேர் என்று வாயால் சொல்ல மாட்டேன். ‘என்னை மன்னிக்கவும்’ என்று எந்தத் தாளில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். நீங்கள் ஒருமுறை நேரில் வந்து அவளை அழைத்துப் போனால் போதும், ரூல்ஸைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். மலையேறும்போது கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றினால் முன் சீட்டில் உட்காருங்கள், என் பெயரைச் சொன்னால் இடம் கொடுப்பார்கள்.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ எல்லா ஆத்தாளும் உங்கள் பக்கம் நிற்கட்டும். தாயாருக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
ராஜாக்கண்ணு.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் ஷோபனா வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். குதிர் என்ற இடத்தில் அழுதாள். மாடு என்ற இடத்தில், “எனக்காவ மாட்ட விப்பியாப்பா?” என்றாள். அப்புறம் பாறை விஷயத்துக்குத் திரும்பப் போய்ப் படித்துவிட்டு, “அய்யோ, பூ வச்சதெல்லாமா எழுதுவ! இதப் பாத்தா அவரு என்ன வுடவே மாட்டாரு, ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவாரு!” என்று கத்தினாள். கிழிக்க வந்தாள், நான் விடவில்லை. கடிதத்துக்கு முன்னால் தான் போய்ச் சேர வேண்டும் என்று பையில் துணியைத் திணித்து, தேனையும் எடுத்துக்கொண்டு பகல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நானே விசில் கொடுத்து அனுப்பிவைத்தேன். தபாலில் நான் இதை மெதுவாகவே சேர்க்கிறேன்.

ஆகையால், மாப்பிள்ளை அவர்களே, மேலே கண்டது பெண்ணைப் பெற்றவன் எழுதியது. இது ரயில் விடுகிறவன் எழுதுவது: ஒத்த ரூபாய் தர மாட்டேன். மாடு கொட்டகையில்தான் இருக்கும். குதிரிலிருந்து வண்டியை எடுத்தாகிவிட்டது, பச்சைப் பெயின்ட் வாங்க மாதையன் போயிருக்கிறான், இந்தத் தடவை பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுவதாக இருக்கிறோம். தலை தீபாவளிக்கு இருவரும் அவசியம் வரவேண்டும், மோதிரமும் வேட்டியும் தயார். மாப்பிள்ளையாக வந்தால் மாலை போட்டு அழைப்பேன். கம்பெனிக்காரராக வந்தால் போளூரிலேயே இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.