அப்பா முதுகில் என் விளம்பரம்

என்னைப் போன்ற ஆளிடம் நானாக இருந்தால் பாலிசி எடுத்திருக்க மாட்டேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் எடுத்தார்கள். முதலில் எடுத்தவர் என் அப்பா.

அப்போது நான் நாமக்கல்லில் மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்ட். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா (இரண்டும் எழுதாது), தவணையில் ஒரு கார். முன்னேறியவன் மாதிரித் தெரிய வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் தெரிவதோடு நிறுத்திக்கொண்டேன். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். "எல்லாமே கவர் ஆயிருமுங்க."

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒருநாள் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீடு கொடுத்தது. (ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.) ஆனால் கால்கள் பழையபடி ஆகவில்லை. டாக்டர் வீல்சேர் வாங்கச் சொன்னார். அதற்கும் காப்பீட்டில் கேட்டேன். முடியாது என்று பதில் வந்தது. பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பணம் தரப்படாத பொருள்களின் பட்டியலில், கைத்தடிக்கு அடுத்ததாக வீல்சேர் இருந்தது. அந்தப் பக்கத்தை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

சொந்தக் காசில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். மருந்து போக மிச்சமிருந்ததை என் கார் தின்றுகொண்டிருந்தது.

நான்கு மாதம் அப்பா கட்டிலில் கிடந்தார். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். லாரி புக்கிங் ஆபீசுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போக வேண்டும், அவரோடு வண்டி ஓட்டியவர்களுடன் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். "இன்னைக்கு எவன் லோடு ஏத்திக்கிட்டுப் போறான்னு தெரியாமப் பைத்தியம் புடிக்குதுடா சாமி" என்பார். நான் போனைப் பார்ப்பது போல வெளியே போய்விடுவேன்.

என் மனைவி சாந்திதான் அந்த அறக்கட்டளையைக் கண்டுபிடித்தாள். கோழித்தீவன ஆலை முதலாளி ஒருவர் தன் அப்பாவின் நினைவாக நடத்துவது. காப்பீட்டில் மறுத்த கடிதம், ரேஷன் அட்டை நகல், டாக்டர் சான்றிதழ் எல்லாம் கொண்டுபோனால் வீல்சேர் தருவார்கள். அங்கே இருந்த மேனேஜர் கடிதத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, பாலிசி போட்ட ஏஜெண்டு பேரும் மகன் பேரும் ஒண்ணா இருக்குதுங்களே?"

"செந்தில்குமார்னு நாமக்கல்லுல தடுக்கி உழுந்தா நாலு பேரு இருப்பாங்களுங்க" என்றேன். அப்படியொரு பொய்யைக் கூசாமல் சொன்னதற்காக உள்ளுக்குள் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

வீல்சேர் வந்தது. அருமையான வண்டி. ஆனால் முதுகு சாயும் ரெக்சினில், பின்பக்கம் முழுக்க, முதலாளியுடைய அப்பாவின் படம். பெரிய மீசை. கீழே சிவப்பு எழுத்தில் அவர் பெயரும் 'நினைவாக வழங்கப்பட்டது' என்ற வரியும். எனக்குத் தலை சுற்றியது. காப்பீட்டு ஏஜெண்ட் வீட்டில் தர்ம வண்டியா? ஊர் என்ன சொல்லும்?

அப்பாவுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. "முப்பது வருசம் ஊரான் பேரு எழுதுன வண்டியத்தானடா ஓட்டுனேன். வண்டி குடுத்தவன் பேரு வண்டியில இருக்கத்தான் செய்யும். தள்ளுடா" என்றார். தள்ளினேன். டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று அவரை வரவேற்றார்கள். அப்பா அழுதார். நான் அப்போதும் அந்த மீசையை யாரும் பார்க்காதபடி பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, "சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுட்டு வாரேனுங்கப்பா" என்று சொல்லி வண்டியைக் காரில் ஏற்றி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்த பெயிண்டரிடம் கொண்டுபோனேன். படத்தை அழித்தால் போதும் என்றேன். அவர் நீலப் பெயிண்டை அடித்துவிட்டு, தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"வெறும் முதுகோட எந்த வண்டியும் இந்தப் பட்டறைய உட்டு வெளிய போனதில்லீங்க. ஏதாச்சும் எழுதோணும். பேரு, சாமி, ஊரு, எதுன்னாலும் சொல்லுங்க."

மனிதன் என்றால் அந்த இடத்தில் தன் அப்பா பெயரைச் சொல்லியிருப்பான். எனக்குத் தோன்றியது வேறு. டீக்கடை வாசலில், தினமும், நூறு பேர் பார்க்கும் இடம்! 'உங்கள் எதிர்காலத்துக்கு நான் பொறுப்பு. மருத்துவக் காப்பீட்டுக்கு அணுகுங்கள்' என்று எழுதச் சொல்லி, என் பெயரும் போன் நம்பரும் கொடுத்தேன். பெயிண்டர் தன் பங்குக்கு ஓரத்தில் இரண்டு தாமரை போட்டு, அடியில் 'ஒலி எழுப்புக' என்றும் எழுதினார்.

டீக்கடைக்காரர் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டார். அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மீசைக்காரரு எங்கடா?"

"பெயிண்ட் உரிஞ்சிருச்சுங்கப்பா."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மூன்றாவது மாதம் முதலாளியுடைய அப்பாவின் நினைவு நாள் வந்தது. வீல்சேர் வாங்கிய எல்லோரும் வண்டியோடு வர வேண்டும் என்று முந்தின நாள் ராத்திரிதான் மேனேஜர் போன் செய்தார். அழிக்க நேரமில்லை. ஒரு துண்டைப் பின்னால் தொங்கவிட்டு, இரண்டு ஊக்கும் குத்தினேன். கல்யாண மண்டபத்தில் மேடையைப் பார்த்து வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். மேடையில் பெரிய திரை. அதில் காட்டுவதற்காகக் கேமராக்காரர் பின்பக்கமாக ஒவ்வொரு வண்டியாக எடுத்துக்கொண்டு வந்தார். மீசை. மீசை. மீசை. பிறகு ஒரு துண்டு. கேமராக்காரர் கடமை தவறாதவர், ஊக்கைக் கழற்றித் துண்டை எடுத்துவிட்டார்.

என் போன் நம்பர் ஆளுயரத்துக்குத் திரையில் எரிந்தது. 'ஒலி எழுப்புக'வைப் பார்த்ததும் மண்டபமே ஒலி எழுப்பியது.

மேனேஜர் ஓடி வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். "வண்டிய மாத்துனா நாங்க திருப்பி வாங்கிக்கலாம்னு எழுதிக் குடுத்துருக்கறீங்கல்ல?" என்றார். அப்பாவின் இரண்டு கைகளும் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தன. விரல் வெளுத்துப்போய்விட்டது. மறுபடியும் அந்தக் கட்டில், அந்தச் சுவர், என்னால்.

முதலாளி மைக்கோடு இறங்கி வந்தார். கோபமாகத்தான் இருந்தார். "ஏனுங்க பெரியவரே, இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஊட்டுல இருந்துக்கிட்டு எங்ககிட்ட எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

அப்பா நிதானமாகச் சொன்னார். "இவங்கிட்டத்தானுங்க பாலிசி எடுத்தேன். அதனாலதான் உங்ககிட்ட வர வேண்டியதாப் போச்சுங்க."

முதலாளிக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமானது. மண்டபத்தில் உரக்கச் சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் பாலிசி எடுத்தவர்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டி உங்களுக்குத்தானுங்க. எங்கப்பாவ மட்டும் பழையபடி உக்கார வெச்சுருங்க" என்றார்.

மறுநாளே அதே பெயிண்டர் மீசையைத் திரும்ப வரைந்தார். அப்பா இன்றைக்கும் தினமும் டீக்கடைக்குப் போகிறார். வீட்டில் நான் எதற்காவது உறுதி கொடுத்தால், "எல்லாமே கவர் ஆயிருமா?" என்று சாந்தி கேட்பாள், அப்பா பின்பாட்டுப் பாடுவார். காரை விற்றுவிட்டேன். ஏஜெண்ட் வேலையையும் விட்டுவிட்டேன். இப்போது லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன்.

ஆனால் மேலே அடித்த பெயிண்ட் வெயிலில் உரிந்து, மீசைக்கு அடியிலிருந்து என் நம்பர் வெளியே வந்துவிட்டது. அதை வீல்சேர் கொடுப்பவர்களின் நம்பர் என்று நினைத்து மாதத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது வீல்சேர்தான். நானும் அலைந்து திரிந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரு அம்மா பேசினார். "ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுக்காரருக்கு வீல்சேர் வேணுமுங்க. இன்சூரன்சுல தர முடியாதுன்னுட்டாங்க."

சாந்தி உள்ளேயிருந்து, "யாருகிட்டப் பாலிசி போட்டாங்களாம், கேளுங்க" என்றாள்.

கேட்டேன்.

"உங்ககிட்டத்தானுங்கண்ணா."