சுண்டுவிரல் உயரத்தில் மகன்

"இவன் ஏன் இவ்ளோ சின்னதா இருக்கான்?" என்று கேட்டாள் மனைவி.

ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலே இல்லாத ஹால் சுவரில் ஒரு வாரமாகச் சாலை வரைந்துகொண்டிருந்தார். இருபக்க மரங்களும் போகப் போகச் சிறுத்து, ஒரு புள்ளியில் போய் முடிந்தன. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஓர் ஆள். கட்டம் போட்ட சட்டை. யாரென்று அவள் கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்திருந்தார்.

"தூரத்துல இருக்கிறவன் சின்னதாத்தான் தெரிவான். வெளிறித்தான் தெரிவான்."

"கொஞ்சம் கிட்ட கூட்டிட்டு வாங்களேன்."

எட்டு மாதத்துக்கு முன் மகன் தன் படங்களை முதல்முதலாகக் கண்காட்சி வைத்தான். வந்தவர்கள் முன்னிலையில் மாஸ்டர், "நிழல் தப்பான பக்கம் விழுது" என்றார். சொன்னதோடு விட்டாரா, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்தியும் விட்டார். மகன் அன்றே பெட்டியைக் கட்டினான். எந்த ஊருக்குப் போனானோ, இவர் கேட்கவில்லை. "அவன் பேச்சை இந்த வீட்ல எடுக்கக்கூடாது" என்று உத்தரவு மட்டும் போட்டார். அந்த வீட்டில் அவர் சொல்லி நடந்த ஒரே உத்தரவு அதுதான். அதுவும் நடக்காமல் போயிருக்கக்கூடாதா என்று தினமும் நினைத்துக்கொள்வார். அன்றிலிருந்து வாசலைத் தாண்டுவதும் குறைந்துபோனது.

மறுநாள் ஆளைப் பெரிதாக்கினார். தலை மரத்துக்கு மேலே போய்விட்டது.

"பையனைக் கேட்டா பூதத்தைக் காட்டுறீங்க."

மரங்களை வளர்த்தார். தூரத்து மரமும் கிட்டத்து மரமும் ஒரே உயரமாகி, சாலை சுவரில் சாத்திவைத்த ஏணி மாதிரி நின்றது. ஆளைக் கீழே இறக்கினார். கால் தரையில் பாவாமல் அந்தரத்தில் தொங்கினான். தரையோடு ஒட்டவைக்க ஒரு நிழல் போட்டார்.

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "வெயில் இந்தப் பக்கம் இருக்கு. நிழலும் இந்தப் பக்கமே விழுதே?"

மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அழிச்சிடவா?"

"வேணாம். ஒரு மீசை மட்டும் போடுங்க. கொஞ்சம் இளைச்சும் இருக்கட்டும்."

அவனுக்கு ஏது மீசை? பெற்ற மனம் எதையோ கற்பனை செய்துகொள்கிறது, பாவம். மறுபேச்சில்லாமல் போட்டார்.

அப்போதுதான் கேஸ் சிலிண்டர்காரர் உள்ளே வந்தார். சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"அட, நம்ம பின்தெரு தம்பி. மீசையெல்லாம் அப்படியே இருக்கு சார்" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். "அடுத்த சிலிண்டர் அவங்க வீட்டுக்குத்தாம்மா. நேத்து நீங்க அங்க விட்டுட்டு வந்த குடையை எடுத்துட்டு வரவா, இல்ல சாயங்காலம் வழக்கம்போல நீங்களே போவீங்களா?"