வெள்ளைச் சட்டையும் நன்றிப் பாட்டும்

குழந்தை தூங்கினால் தாய்க்கு ஓய்வு. எனக்கோ பயம். என் மகள் அசையாமல் தூங்கும்போது மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அதுவும் போதாமல் மெல்லக் கிள்ளி விடுவேன். (பெற்றவள் செய்கிற காரியமா இது? நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.) இந்த நோய் பதினேழு வயதில், ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்குத் தொற்றியது.

சீமையிலிருந்த ஒரு தர்ம சங்கம் அப்போது வாலிபப் பெண்களை ஒரு வருட ஊழியத்துக்கு எங்கள் மலைகளுக்கு அனுப்பியது. ஒவ்வொருவரோடும் பள்ளிக்கூடம் முடித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி சேர்ந்து வேலை பழகலாம். முடிவில் அந்த வெள்ளைக்கார மிஸ் நற்சாட்சிப் பத்திரம் தந்தால் பதுளையில் ஆசிரியை வேலை. தராவிட்டால் வீட்டில், அண்ணியின் அதிகாரத்தில் ஆயுள் முழுக்க அடுப்பு.

எங்கள் மிஸ்ஸுக்கு இருபது வயது; தமிழ் தெரியாது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில்தான் எங்களுக்கு வேலை. ஒரு நாள் சங்கத்திலிருந்து பெட்டி நிறையக் குழந்தைச் சட்டைகள் வந்தன. அத்தனையும் வெள்ளை.

அன்று பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. வெந்நீர் ஆவியும் அதோடு கலந்ததில், மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது. பதினோரு குழந்தைகளையும் குளிப்பாட்டினோம். மிஸ் சொன்னபடி மைப்பொட்டு, திருநீறு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். (மனதில் சின்ன உறுத்தல். பத்திரத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.) புதுச் சட்டை போட்டுப் பாயில் வரிசையாகக் கிடத்தினோம். பதினொன்றும் அசையாமல் தூங்கின. நானும் அந்த வெண்மையைப் பார்த்தபடி, பதுளைப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன் நிற்கும் என்னையே கனவு கண்டுகொண்டிருந்தேன்.

மதியம் பால் கொடுக்கத் தாய்மார் வந்தார்கள். முதலில் வந்தவள் செல்லாயி. பொட்டில்லாத முகங்கள், வெள்ளைத் துணி, வரிசை, அசைவில்லை. அவள் கூடை கீழே உருண்டது.

"என் ராசா, என்னைய விட்டு எங்க போன!"

மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். "தூங்குதுங்க" என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வந்திருக்கலாம். வரவில்லை.

மிஸ்ஸின் கண்கள் கலங்கின. "எவ்வளவு இனிமையான பாட்டு!"

அதற்குள் செல்லாயியின் மகன் தும்மினான். அடுத்த நொடி பதினொன்றும் வீறிட்டன. செல்லாயி பிள்ளையை அள்ளி அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, நீ படிச்ச புள்ளதானே? உசுரோட இருக்கிறதுக்கா கோடித்துணி போடுவ?"

"சீமைச் சட்டைங்கக்கா..."

"அவுக எழவுக்குக் கறுப்பு கட்டுறாக. அதுல அவுக புள்ளைக்குச் சட்டை தைப்பாகளா?"

"இவள் என்ன சொல்கிறாள்?" என்று மிஸ் கேட்டார்.

செல்லாயியைப் பார்த்தேன். அண்ணியின் அடுப்பை நினைத்தேன். "நன்றி சொல்கிறாள் மிஸ். பாடியதும் நன்றிப் பாட்டுதான்."

பத்திரம் கிடைத்தது. கூடவே தண்டனையும்: பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொன்னார் மிஸ். பொய் சொன்ன வாயால் எப்படி மறுப்பது?

ஊழியத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கொண்ட அவர், என் கல்யாணத்துக்கும் வந்தார். தாலி கட்டியதும் எழுந்து, மாப்பிள்ளையை நோக்கிக் கைகூப்பி, கண்ணீர் மல்கப் பாடினார்: "என் ராசா, என்னைய விட்டு எங்க போன!"

மேளம் நின்றது. மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

இன்றும் வேலையாக வெலிமடைக்குப் புறப்பட்டால் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார்.

"பாட்டெல்லாம் வேணாம்மா. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்."