சம்பந்தி விருந்துக்கு ஒத்திகை

மத்தியதரைக்கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் நூலகர் அட்லஸைப் புரட்டித்தான் சொல்வார். அப்படிப்பட்டவர், மகளுக்குப் பேசி முடித்திருந்த பையனின் அப்பாவிடம் தொலைபேசியில், "மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாடா? நாங்க வாராவாரம் சாப்பிடுவோமே" என்று சொல்லித் தொலைத்தார்.

சம்பந்தி விடவில்லை. தங்கள் வீட்டிலும் அதேதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெற்றவர்கள் நாலு பேரும் சாப்பிடலாம், நகர மையத்தில் நல்ல கடையாக நீங்களே சொல்லுங்கள் என்று பொறுப்பைத் தூக்கி இவர் தலையில் வைத்தார்.

"வாராவாரம் போற கடையையே சொல்லிடுங்க" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

நகர மையத்தில் அப்படி மூன்று கடைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு, மனைவியோடு ஒத்திகை பார்க்கக் கிளம்பினார்.

முதல் கடையில் ஆலிவைக் கொட்டையோடு விழுங்கினார். இருமிய இருமலில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து முதுகில் தட்டினார். இனி அந்தக் கடைப்பக்கம் தலைகாட்ட முடியாது.

இரண்டாவது கடையில் எச்சரிக்கையாக, வாயில் நுழையாத மூன்று பெயர்களை விரலால் தொட்டுக் காட்டினார். மூன்று கிண்ணம் வந்தது. மூன்றிலும் அரைத்த கொண்டைக்கடலை. மானத்தைக் காப்பாற்ற நாலாவதாக ஒன்றைக் கேட்டார். திராட்சை இலையில் சுருட்டிய சோறு வந்தது. இலையைப் பிரித்து நாசூக்காக ஓரம் வைத்தார். இலையையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று பரிமாறியவர் கடை முழுக்கக் கேட்கும்படி விளக்கினார்.

மூன்றாவது கடைக்குள் நுழையும்போது வயிற்றில் இடமில்லை, வீறாப்பும் மிச்சமில்லை. பரிமாற வந்த பெண்ணிடம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சம்பந்தி வீட்டார் இதில் கரைகண்டவர்கள். அவர்கள் முன்னால் மானம் போகாமல் சாப்பிடக் கற்றுத்தர வேண்டும்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்ப்பதிலிருந்து ஆரம்பித்தாள். மனைவி பத்தே நிமிடத்தில் தேறினாள். நூலகருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"இவ்வளவு பொறுமையாச் சொல்லித் தர்றியேம்மா" என்றார் நெகிழ்ந்துபோய்.

"நேத்தே பழகிடுச்சு சார். ஒருத்தர் மனைவியோட வந்து, இதே மேசையில உக்காந்து கத்துக்கிட்டுப் போனார். அவருக்கும் ஞாயித்துக்கிழமைதானாம். பொண்ணு வீட்டுக்காரங்க இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்களாம்."