கொம்பேறி மூக்கனும் ஹலோ அண்ணாச்சியும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பாம்புகளுக்காக மைக் பிடித்த ஒரே மனிதர் எங்கள் தெரு ஹலோ அண்ணாச்சிதான். மைக்செட் வாடகைக்கு விடுபவர். 'ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்' என்று ஊரை எழுப்பி எழுப்பியே, பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

எந்த விசேஷ வீட்டிலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு பறவையோ பூச்சியோ நுழைந்துவிடும். ஒரு காதுகுத்தில் தாய்மாமன் சீரை அறிவிக்கச் சொன்னார்கள். ஆந்தை கத்தினால் வீட்டில் சாவு விழாது, எலிதான் சாகும் என்று அறிவித்தார். ஒரு கல்யாணத்தில், பந்திக்குப் பின்னால் போவது சாரை, அதற்கு விஷமில்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்று கனிவாகச் சொன்னார். பயப்படாமல் முந்நூறு பேர் வாசலுக்கு ஓடினோம். நான் பாயசத்தோடு ஓடினேன்.

போன ஆடியில், தெரு வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்ட ஏறியவரின் கையில் ஒரு கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டது. அது கடித்தால் ஆள் தப்ப மாட்டான், கடித்துவிட்டு மரத்து உச்சியில் ஏறி, சுடுகாட்டில் அவன் புகை எழும்புவதைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பாம்பும் சொல்லிவைத்த மாதிரி உச்சிக்குப் போனது. காலையில் கோயிலில் நாகரைக் கும்பிட்டு, புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வந்த அதே ஜனம் கம்பைத் தூக்கியது. எங்கள் தெரு விசைத்தறி முதலாளி மரத்தையே வெட்ட ரம்பக்காரனை அழைத்துவந்தார்.

அதற்குள் அண்ணாச்சி அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, விஷமில்லை என்று கேட்டு, ஒரு டி.டி. ஊசியோடு திரும்பிவிட்டார். நேரே மைக்கைப் பிடித்தார்.

"மொதலாளி, கடி வாங்குனது நான். வார வெள்ளிக்கெழம வர பொறுங்க. நான் செத்தா இந்த மரத்த வெட்டியே என்னய எரிங்க. சாவலன்னா மரத்தயும் பாம்பயும் ஒருத்தரும் தொடப்பிடாது."

முதலாளி ஒப்புக்கொண்டார். தெரு முழுக்க அண்ணாச்சியின் சாவுக்குக் காத்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்குப் பிடித்த பலகாரம் போனது. மகன் கல்யாணத்துக்கு அவரிடம் சொல்லியிருந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று புளியங்குடியில் இன்னொரு மைக்செட்டுக்குச் சொல்லிவைத்தார். அண்ணாச்சியோ விடிந்ததும் மைக்கில், "இத்தெருவைச் சேர்ந்த அடியேன் இன்றும் உயிரோடு இருக்கிறேன் என்பதை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. மரத்தடியில் காத்திருந்த ரம்பக்காரன் எழுந்து துண்டை உதறினான். விஷமில்லை, விஷமில்லை என்று வாரம் முழுக்க வாதாடிய நானே யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடினேன். பின்னால் தெருவே வந்தது. கதவை இடித்தோம். வாயில் பிரஷ்ஷோடு அண்ணாச்சி வந்து நின்றார்.

"கரண்டு இல்ல வே. தறி ஓடலன்னு ஒருத்தருக்குமா தெரியல?"

முதலில் சிரித்தவர் தறி முதலாளிதான். ரம்பக்காரனை அவரே திருப்பி அனுப்பினார். அண்ணாச்சியைத் தோளில் தூக்கி மரத்தடிக்குக் கொண்டுபோனோம். இப்போது முதலாளி, வருகிற சம்பந்திக்கெல்லாம் உச்சிக் கிளையைக் காட்டி 'எங்க பாம்பு' என்று பெருமையடிக்கிறார்.

அன்று கரண்டு வந்ததும் அண்ணாச்சி காலையில் விட்டுப்போன அறிவிப்பைச் செய்தார். தெரு கைதட்டியது. எத்தனையோ நாள் என் தூக்கத்தைக் கெடுத்த குரல் அது. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.